அக்காவின் வரைபுத்தாள்

ஈர விறகின் புகை மணம் ஏறிய ஒரு வரைபுத்தாளை மூக்கருகே பிடித்து, அதன் மெல்லிய பச்சைக் கோடுகளையே பார்த்துப் பார்த்து நான் அழுதது, அறுபதுகளின் ஒரு மழைக்காலத்தில், இலங்கையில் உக்குவளைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில். குறுக்கே போவது x அச்சு, மேலே ஏறுவது y அச்சு என்று ஆசிரியை கரும்பலகையில் போட்டுக் காட்டியபோது எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் (3, 5) என்று சொன்னால் போதும், என் பென்சில் முதலில் மூன்று கட்டம் மேலே ஏறி, பிறகுதான் ஐந்து கட்டம் பக்கவாட்டில் நடக்கும். புள்ளிகளைச் சேர்த்தால் மீன் வர வேண்டிய கணக்கில் என் மீன் மட்டும் வாலை ஊன்றி நின்றது. வகுப்பே சிரித்தது.

சிரிப்பு கிடக்கட்டும், அப்பாவின் பேச்சுதான் என்னை அழவைத்தது. காய்ச்சலில் ஒரு வருடத்தை இழந்த அக்கா சரசுவும் என் வகுப்பில்தான் இருந்தாள். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதால், எங்களில் ஒருத்தி 'பேர் பதிய' வேண்டும், அதாவது கொழுந்து பறிக்கும் வேலைக்குப் பெயர் கொடுக்க வேண்டும்.

"தவணைப் பரீட்சையில கணக்குல யாரு கொறச்சலோ, அவ கூடையத் தூக்கட்டும். எனக்கு ரெண்டு கண்ணும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டார் அப்பா.

தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு என் தாளைப் பார்த்த அக்கா, விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அடி கூறுகெட்டவளே! மூணாம் லயம், அஞ்சாம் காம்பரான்னு வீட்டுக்குப் போற மாதிரில்ல போட்டிருக்க! நம்ம வீட்டுக்குத்தான் மொதல்ல லயத்துக்கு ஏறணும், அப்பறம் காம்பராவுக்கு நடக்கணும். இங்க மொதல்ல நட, அப்பறம் ஏறு."

மலைச்சரிவில் லயங்கள் என்ற வரிசை வீடுகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாகவும், ஒவ்வொரு லயத்திலும் காம்பரா என்ற அறைகள் பக்கம் பக்கமாகவும் இருந்த தோட்டத்துப் பிள்ளைக்குத்தான் இப்படி ஒரு பிழை வரும். அன்று பிடிபட்டது பிடிபட்டதுதான்.

பரீட்சையில் என் மீன் ஒழுங்காகப் படுத்துக்கொண்டது. அக்காவுக்குத்தான் மதிப்பெண்கள் குறைந்தன. "சரசுக்குக் கணக்கு ஏறல" என்று அப்பா பெருமூச்சு விட்டார். திருத்தி வந்த அவளுடைய தாளை நான் யாருக்கும் தெரியாமல் எடுத்துப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பாமல் எல்லாப் புள்ளிகளுமே முதலில் மேலே ஏறி, பிறகு பக்கவாட்டில் நடந்திருந்தன. எனக்கு விளங்கிவிட்டது. அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்குப் பள்ளிக்கூடம் போக அவ்வளவு ஆசை.

எழுபதுகளில், நான் ஆசிரியையான புதிதில், தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய ஒப்பந்தத்தில் அக்காவும் புருஷனோடும் பிள்ளையோடும் புறப்பட்டாள். உக்குவளை ஸ்டேசனில் ரயில் நகரும்போது, "இப்ப என்ன கணக்குடி படிச்சுக்குடுக்குற?" என்று கேட்டாள். "வரைபுதான்" என்று மட்டும் சொன்னேன். சில வருடங்களில் கடிதங்களும் நின்றுபோயின. இப்போது அந்தச் சரிவில் லயங்கள் இல்லை, மிளகுக்கொடி படர்ந்திருக்கிறது. நீ வேண்டுமென்றேதான் பிழை விட்டாய், எனக்கு அன்றே தெரியும் அக்கா என்று சொல்ல இன்று எனக்குத் துணிவு இருக்கிறது. கேட்க அவள்தான் இல்லை.