ஆற்றுக்குள் விரட்டப்பட்டவர்கள்

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் வெரிபீ புறநகரில், எங்கள் தமிழ்த் திருச்சபை மண்டபத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் படம் போட்டார்கள். எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன், ஏதோ ஒரு குளிர்தேசத்து அரசன் தன் குடிமக்களையெல்லாம் கிறிஸ்தவர்களாக்கிய கதை. பக்கத்து வீட்டு அக்காவையும் அழைத்திருந்தேன். போருக்குப் பின் வன்னியிலிருந்து வந்தவர். காலையில் பிள்ளையாருக்கு விளக்கேற்றாமல் தேநீர்கூடக் குடிக்க மாட்டார். "நீர் கூப்பிட்டு நான் வராமல் விடுவனே?" என்று பெட்டி நிறைய உழுந்து வடையோடு வந்தார்.

நான் மலேசியாவில் இந்துக் குடும்பத்தில் பிறந்தவள்; இப்போது ஞாயிறு பள்ளிக்குப் போகும் மகளுக்குத் தாய். இங்கே படிக்க வந்தபோதுதான் கிறிஸ்தவ விசுவாசத்துக்கு வந்தேன். ஞானஸ்நானத்துக்கு முன் போதகர் திரும்பத் திரும்பக் கேட்டார்: "உனக்கு முழுச் சம்மதமா? யாரும் வற்புறுத்தலையே?" அம்மா தொலைபேசியில் அழுதார். ஆனாலும் அது நானே எடுத்த முடிவு. அந்தப் படத்தின் மேல் எனக்கு இத்தனை கோபம் வந்ததும் அதனால்தான்.

அரசன் ஊர்த் தெய்வத்தின் மரச்சிலையைக் கோடரியால் பிளந்தான். வீரர்கள் ஈட்டியோடு வீடு வீடாகப் புகுந்து மக்களை ஆற்றுக்குள் விரட்டினார்கள். கைக்குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கியபடி ஒருத்தி கழுத்தளவு தண்ணீரில் நடுங்கினாள். அந்த இடத்தில் பாட்டு முழங்கியது. மண்டபமே கைதட்டியது!

அக்கா எழுந்து வெளியே போனார். நானும் பின்னால் ஓடினேன்.

"என்னக்கா?"

"ஒண்டுமில்லை. கடைசிச் சண்டையில நாங்களும் பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு இப்பிடித்தான் தண்ணிக்குள்ள நிண்டனாங்கள். கரையில துவக்கோட ஆமி. அதுக்கு ஆராவது கை தட்டுவினமே?"

அவர் வீட்டுக்கு நடக்கத் தொடங்கினார். நான் உள்ளே திரும்பியபோது படம் முடிந்திருந்தது. ஏற்பாடு செய்தவர் மைக்கோடு நின்றார். "இப்படி ஒரு ராஜா இன்னைக்கு இருந்தா எப்படி இருக்கும்!"

"பிரதர், அந்த ஜனங்ககிட்ட யாராவது சம்மதம் கேட்டாங்களா?" என்றேன், உட்காராமலே.

"அது சரித்திரம் சிஸ்டர். முடிவு நல்லதுதானே?"

"சரித்திரம்னா பார்ப்போம், அழுவோம். கை எதுக்குத் தட்டினோம்? நாளைக்கு ஒருத்தன் ஈட்டியோட வந்து என் மகளை வேற சாமி கும்பிடச் சொன்னா, அப்பவும் முடிவு நல்லதுன்னு சொல்வீங்களா?"

"உணர்ச்சிவசப்படாதீங்க" என்று சிரித்தார். ஜெபம் பண்ணி முடித்தார்கள். அக்காவின் வடையை மட்டும் ஒன்றுவிடாமல் தின்றார்கள்.

அடுத்த மாதம் அதே படத்தை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் போடப்போவதாக அறிவிப்பு வந்தது. என் மகளை அனுப்ப மாட்டேன் என்று சபையின் கைபேசிக் குழுவில் எழுதினேன், காரணத்தையும் எழுதினேன். யாரும் பதில் போடவில்லை. ஆனால் வேறு சில தாய்மார் தனியாக அழைத்து, தாங்களும் அனுப்பப்போவதில்லை என்றார்கள். படம் நின்றது. புரொஜெக்டர் பழுது என்று ஆலயத்தில் அறிவித்தார்கள்.

அதே புரொஜெக்டரில்தான் அன்றைய பாடல் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. கை தட்டியது தப்பு என்று சொல்ல ஒருவருக்கும் நா எழவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.