நேராகப் போகாத பிக்கப்

அந்த பிக்கப்பை நல்ல வண்டி என்று சொன்னவன் நான்தான். 2011-ஆம் வருடம். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில், வண்டிகளுக்கு அடிச்சட்டமான சேஸ் செய்யும் லைனில், எட்டாவது ஸ்டேஷனில் வெல்டராக இருந்தேன். ஏழாவது ஸ்டேஷனில் நின்றவன் என் ரூம்மேட், திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். காண்ட்ராக்ட் முடிந்ததும் அவனை நிறுத்திவிட்டார்கள். கல்யாணமாகி எட்டு மாதம், மனைவி ஊரில். வெறுங்கையோடு திரும்பிப் போக அவனுக்கு மனசில்லை. அவள் நகையை விற்று, பழைய பிக்கப் ஒன்று வாங்கி, கம்பெனி கேன்டீன்களுக்குக் காய்கறி லோடு அடிப்பது என்று முடிவெடுத்தான். வண்டி பார்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போனான்.

நான் அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். புதுசாகக் கறுப்பு பெயின்ட் பளபளவென்று இருந்தது. பழைய வண்டிக்கு அடியில் எவன் பெயின்ட் அடிப்பான் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். எங்கே யோசித்தேன்? பெரிய டாக்டர் மாதிரி எழுந்து, கையைத் தட்டிவிட்டு, "கண்ணை மூடிக்கிட்டு எடுடா" என்றேன். அவனும் எடுத்தான்.

இரண்டே வாரம். லோடு ஏற்றினால் அடியில் டொக் டொக் என்று சத்தம். ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் படுத்துப் பார்த்தோம். சேஸின் இரண்டு நீளச் சட்டங்களுக்கும் நடுவில் ஏணிப்படி மாதிரி குறுக்கே போகும் கிராஸ் மெம்பர், அதில் ஒரு முனை முக்கால்வாசி விரிசல் விட்டிருந்தது. பெயின்ட்டுக்குக் கீழே பழைய விரிசல். நான் தினம் நூற்றுக்கணக்கில் வெல்டு அடிக்கும் அதே சாமான்.

அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "திங்கக்கிழம காலையில அவ தாம்பரத்துல வந்து எறங்குதா. நம்ம வண்டியிலயே கூட்டிட்டு வாரேன்னு சொல்லிட்டேன்ல" என்று மட்டும் சொன்னான்.

"நாளைக்கே அடிச்சுத் தர்றேன். ஒரு கிராஸ் மெம்பர், இது என்ன பெரிய வித்தையா?" என்றேன். வாய் மட்டும் எனக்கு எப்போதும் குறைந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. வடக்குப்பட்டில் ஒரு கிரில் பட்டறையில் வெல்டிங் செட்டை வாடகைக்கு எடுத்து வந்தோம். ரூமுக்கு முன்னாலிருந்த காலி இடத்தில் வண்டியை நிறுத்தி, ஒரு பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கினோம். விரிசல் விட்ட முனையை கிரைண்டரால் அறுத்துவிட்டு, கனமான பிளேட் ஒன்றை வைத்துச் சேர்ப்பது திட்டம்.

லைனில் எங்கள் வேலை இப்படி நடக்கும். அவன் கிராஸ் மெம்பரை ஃபிக்ஸ்சரில் உட்கார வைப்பான். ஓரடி பின்னால் போய், இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்துவான். கிளாம்ப்புகள் வந்து கவ்வும். அது என்னிடம் வரும், நான் அடிப்பேன். அன்றைக்கும் அவன் பிளேட்டை வைத்து கம்பியால் கட்டினான். பிறகு பழக்க தோஷத்தில் நகர்ந்து போய், அங்கே இல்லாத பட்டன்களுக்காக இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே தூக்கினான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே வெல்டிங்கை ஆரம்பித்தேன். லைனில் சேஸை அசையாமல் பிடித்துக்கொள்வது அந்த ஃபிக்ஸ்சர், இங்கே பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை என்பது மூன்று வருஷம் அதே வேலை செய்த இரண்டு பேர் மண்டையிலும் உறைக்கவில்லை.

வெல்டு அற்புதமாக வந்தது. வளையல் அடுக்கின மாதிரி வரிவரியாக இருந்தது. பக்கத்து ரூம்காரர்களையெல்லாம் குனிய வைத்துக் காட்டினேன்.

முந்தின நாள் மழையில் தெரு மண் ஈரமாக இருந்தது. அவன் வண்டியைத் தெருமுனை வரை ஓட்டிப் போனான். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஹவுஸ் ஓனர் அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனிகளுக்கு நிலம் போன பிறகு, மிஞ்சின இடத்தில் வரிசையாக ரூம் கட்டி எங்களைப் போன்றவர்களுக்கு விட்டிருந்த குடும்பம் அது.

"இன்னாபா இது, வண்டி நண்டு மாரி சைடு வாங்கிகினு போவுது?" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அக்கா, நாங்க தினமும் சேஸ் செய்யறவங்க."

"செய்ங்க, யாரு வேணான்னது? கீய பாரு."

பார்த்தேன். நேராகப் போகிற வண்டியில் முன்சக்கரத் தடத்தின் மேலேயே பின்சக்கரம் போகும். ஈர மண்ணில் இரண்டு தடம் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு இருந்தன. முனையை அறுத்தபோதே, ஜாக்கி வைத்த பக்கத்துச் சட்டம் மெல்ல நகர்ந்திருக்கிறது. சேஸ் கோணிப்போய்விட்டது. கோணினதைக் கோணினபடியே நான் அழகாகப் பூட்டி வைத்திருக்கிறேன்.

அவன் தடத்துக்குப் பக்கத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தான். "விடு. அவள பஸ்லயே கூட்டிட்டு வந்துருதேன்" என்றான். கோபமே இல்லாத குரல். அந்த வெட்கம் இன்றைக்கும் என்னை விட்டுப் போகவில்லை.

கிரைண்டரை எடுத்து என் வெல்டை நானே அறுத்தேன். அறுத்துவிட்டு, எப்படி நேராக்குவது என்று தெரியாமல் விழித்தேன். அக்காதான் துணிக்கொடியை அவிழ்த்துக்கொண்டு வந்தார். "இந்த ரூமுக்குக் கடக்கால் போடசொல்லோ மேஸ்திரி மூலைக்கு மூலை கவுறு புட்ச்சுத்தான் பாத்தாரு. ரெண்டும் ஒரே நீட்டா இருந்தா சரிம்பாரு."

சேஸிலும் அப்படியே மூலைக்கு மூலை பிடித்தோம், அக்கா ஒரு முனை, அவன் ஒரு முனை. இரண்டு அளவுக்கும் ஒரு கட்டைவிரல் அகலம் வித்தியாசம். ஜாக்கியைக் குறுக்கே படுக்க வைத்து, மரக்கட்டை முட்டுக்கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினோம். கயிறு இரண்டு பக்கமும் ஒன்றாக வந்ததும் சங்கிலி போட்டு இறுக்கிக் கட்டினோம். பிறகு இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு, ஆறவிட்டு மறுபடியும் என்று அடித்தேன். அக்கா வீட்டுச் சோறும் கருவாட்டுக் குழம்பும் மண் கையோடு சாப்பிட்டோம். பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்தது. இந்த முறை வெல்டு கரடுமுரடாக, பார்க்கச் சகிக்காமல் இருந்தது. தெருவில் தடம் மட்டும் இரண்டே இரண்டு. அந்த மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு அவன் இறங்கி வந்தான். "ஏல, அவள இதுல ஏத்தலாமா? நீ சொல்லு."

முன்பு எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்! இப்போது வாய் வரவில்லை. "நானும் வர்றேன்" என்று சொல்லிப் பின்னால் ஏறிக்கொண்டேன். ஷிஃப்ட் பஸ் என்னைத் தாண்டிப் போனது.

தாம்பரத்திலிருந்து திரும்பும்போது அவள் முன்னால் அவன் பக்கத்தில். நான் பின்னால், அவள் கொண்டுவந்த டிரங்குப் பெட்டிக்கும் வாழைத்தாருக்கும் நடுவில், சரியாக அந்த கிராஸ் மெம்பருக்கு மேலே. ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் உள்ளங்கையைத் தகரத்தில் அழுத்திக்கொண்டேன். படப்பை தாண்டி ஒரு பள்ளத்தில் வண்டி 'டம்' என்று இறங்கியது. எனக்கு உயிரே போய்விட்டது. கேபினைத் தட்டி நிறுத்தச் சொல்லி, குதித்து, அடியில் நுழைந்தேன்.

வெல்டு அப்படியே இருந்தது. தடவிப் பார்த்தேன், மயிரிழைகூட விரிசல் இல்லை. அங்கேயே மல்லாக்கப் படுத்தபடி அழுதுவிட்டேன்.

"என்னல, போச்சா?" என்று மேலேயிருந்து கேட்டான்.

அவன் பதறி இறங்கி, பக்கத்தில் வந்து படுத்தான். என் முகத்தைப் பார்த்தான், வெல்டைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். என் கையைப் பிடித்துக்கொண்டான். அவனும் எழுந்திருக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, புதுப் புடவை மண்ணில் புரள அவள் குனிந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, ரெண்டு பேரும் கீழ கிடந்து எதுக்கு அழுதிய?"