கதவைத் திறந்தது யார்?

எஸ்த்ரெமதூராச் சீமைக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கசில்தாவுக்குப் பன்றி மேய்ப்பதுதான் பிழைப்பு. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகும் கையிலிருந்த கழியைக் கீழே வைக்கவில்லை. பண்ணையாரின் கூட்டத்தோடு தன் பன்றிகள் இரண்டையும் அவள் சேர்த்து மேய்க்கலாம். மேய்ப்பவர்களுக்கு அது பழைய உரிமை. அவள் வீட்டில் வருஷம் முழுக்க இறைச்சி என்றால் அந்த இரண்டும்தான்.

ஓக் கொட்டை மேய்ச்சலுக்கு ஒரு முறை உண்டு. கசப்புக் கொட்டை மரங்கள் முதலில், இனிப்புக் கொட்டை உதிரும் மேட்டுச் சரிவு கடைசியில். இனிப்பை ருசித்த பன்றி அப்புறம் கசப்பை மோந்துகூடப் பார்க்காது. அந்த ஊரில் பால்குடிக்கும் பிள்ளைக்குக்கூட இது தெரியும். பண்ணையாரின் மருமகன் போர்ஹாவுக்கு மட்டும் தெரியவில்லை, கர்மம்!

தலைநகர் மத்ரீத்திலிருந்து வந்த விருந்தாளிகள், பன்றிகள் மேட்டில் மேய்வதைப் படம் எடுக்க வேண்டுமாம். கசில்தா ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போன நேரம் பார்த்து மேட்டு வேலிக் கதவைத் திறந்துவிட்டான். அன்றோடு சரி. கீழே கசப்பு மரங்களுக்கு ஓட்டினால் பன்றிகள் கொட்டையில் வாய் வைப்பதில்லை, மேட்டுக் கதவோரமே நின்று கத்தின. மேட்டுக் கொட்டையும் சீக்கிரமே தீர்ந்தது. எடை பார்க்க வந்த வியாபாரி, பன்றிகள் தேறவில்லை என்று உதட்டைப் பிதுக்கினான்.

"எல்லாம் இந்தம்மா கவனிக்காததாலதான். நஷ்டத்துக்கு அதோட ரெண்டு பன்னியையும் எடுத்துக்கணும்" என்றான் போர்ஹா. என்ன நெஞ்சழுத்தம்! பண்ணையார் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கசில்தா கழியைத் தூக்கித் தோளில் வைத்தாள்.

"நான் கெளம்பறேன். நீங்களே மேய்ச்சுக்குங்க, மாப்ள."

தன் இரண்டையும் நாக்கைச் சுழற்றிக் கூப்பிட்டபடி நடந்தாள். இரண்டா வந்தன? மொத்தக் கூட்டமும் வாலாட்டிக்கொண்டு அவள் பின்னால் போனது. போர்ஹா கையைத் தட்டினான், கத்தினான். ஒன்றாவது திரும்ப வேண்டுமே!

"கூட்டத்த நிறுத்தும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்! உன் பன்னி ரெண்டும் உனக்குத்தான்" என்று பண்ணையார் பதறினார்.

"அது எப்பவும் என்னோடதுதான். மேட்டுக் கதவத் தெறந்தது யாருன்னு உங்க மருமவன் சொல்லட்டும், நிக்கறேன்."

வியாபாரி போர்ஹாவைப் பார்த்தான். பன்றிகள் போய்க்கொண்டே இருந்தன.

"நாந்தான்" என்று முனகினான் போர்ஹா.

"இங்க கேக்கல!" என்று தூரத்திலிருந்தே குரல் கொடுத்தாள் கசில்தா.

"நாந்தான் தெறந்தேன்!"

கசில்தா நின்றாள். கூட்டமும் நின்றது.