காசி யாத்திரைக் குடை

மூங்கில் பிடி போட்ட கறுப்புக் குடை ஒன்று என்னிடம் இருக்கிறது. வைத்த இடத்திலேயே துணி இற்றுப்போய் மூன்று முறை மாற்றியாகிவிட்டது. கம்பிகளில் இரண்டு புதியவை. பிடி மட்டும் என் கல்யாணத்தன்று என் கைக்கு வந்த அதே பிடி. காசி யாத்திரைக்காக என் மாமனார் வாங்கியது. என் மனைவி சாகும்வரை அதைப் பீரோவுக்குப் பின்னால் வைத்திருந்தாள். எந்த மழையிலும் அவள் அதை விரித்ததில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. காரணம் எனக்குத் தெரியும்.

மாமனார் தந்தி ஆபீஸில் குமாஸ்தா. என் அப்பாவின் சிநேகிதர். மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் அவருக்குச் சொந்த வீடு இருந்தது. சிறு வயதிலிருந்தே அவர் எனக்கு மாமா, நான் அவருக்கு அம்பி. நாங்கள் தியாகராய நகருக்குக் குடிபோன பிறகும், பாதி மனைகளில் வேலி மட்டுமே இருந்த அந்தக் காலத்தில், ஞாயிற்றுக்கிழமைதோறும் நடந்தே வருவார். "அம்பி, எங்கேடா இருக்கே?" என்று தெருவிலிருந்தே குரல் கேட்கும். அவருக்கு இரண்டு பெண்கள், பிள்ளை இல்லை. மூத்தவளுக்குப் பதினொன்று, இளையவளுக்கு ஏழு. இருவரையும் படிக்கவைத்த பிறகுதான் கல்யாணம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பதினாலு வயது நிரம்பாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது குற்றம் என்று சட்டம் வந்தது. அது அமலுக்கு வருமுன் முடித்துவிட வேண்டுமென்று மாட வீதிகளில் எல்லோரும் பறந்தார்கள். ஒரே தெருவில் ஒரே நாளில் நான்கு பந்தல்கள். எங்கள் சாஸ்திரிகள் ஒரு வீட்டில் தாலி கட்டவைத்த கையோடு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடினார். பங்குனி ஆகாது என்பவர்கள்கூடப் பங்குனியில் செய்தார்கள். பெண் பெரியவளாகிவிட்டால் ஜாதியில் யாரும் எடுக்கமாட்டார்கள் என்ற பயம் ஒரு பக்கம், ஜெயில் பயம் மறுபக்கம். மாமாவும் பயந்துபோனார். பி.ஏ. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த எனக்கு மூத்தவளைத் தருவதாகச் சொன்னார். அப்பா சம்மதித்தார். "மாப்பிள்ளை ஆனாலும் நீ எனக்கு அம்பிதான்டா" என்று என் முதுகில் தட்டினார் மாமா.

என் தங்கைக்கும் பன்னிரண்டு வயது ஆகியிருந்தது. அவளுக்கும் அதே அவசரம். அவளுக்குப் பார்த்த பிள்ளை வீட்டார் கேட்டதைக் கொடுக்க அப்பாவிடம் வழியில்லை.

எங்கள் கல்யாணங்களில் காசி யாத்திரை என்பது கிட்டத்தட்ட ஒரு விளையாட்டு. மாப்பிள்ளை சந்நியாசம் போவதுபோலக் குடையும் விசிறியும் எடுத்துக்கொண்டு நாலடி நடப்பான். பெண்ணின் தகப்பனார் வழிமறித்து, என் பெண்ணைத் தருகிறேன், திரும்பி வாருங்கள் என்பார். அவன் திரும்பிவிடுவான். அன்று காலை என் பெரியப்பா என்னை ஓரமாக அழைத்துச் சொன்னார்: "நாலடியோட திரும்பிடாதே. நடந்துண்டே இரு. முகூர்த்தம் தப்பினா மறுபடி சாஸ்திரிகளும் பந்தலும் கிடைக்காதுன்னு அவருக்குத் தெரியும். ஆத்தை வித்துத் தரேன்னு அவர் வாயாலேயே வரட்டும்." சித்திரக்குளத்து வீட்டை விற்ற பணத்தில் தங்கையின் கல்யாணத்தை முடிப்பது அவர் கணக்கு.

நான் நடந்தேன்.

"போதும்டா அம்பி, திரும்பு" என்று முதலில் சிரித்துக்கொண்டுதான் வந்தார். நான் திரும்பவில்லை. நாயனக்காரர் வாசிப்பதை நிறுத்தினார். பெரியப்பா மாமாவின் காதருகே குனிந்து விஷயத்தைச் சொன்னது எனக்குப் பின்னால் கேட்டது. குளத்தின் மூலையில் நின்ற ஜட்கா வண்டிக்காரன், "இன்னா சாமி, மாப்பிள்ளை நெஜமாவே காசிக்குப் பூடுவாரு போலக்கீதே! நம்ம வண்டியிலயே ஏறிக்கினு போவச் சொல்லு!" என்றான். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மாமா ஓடிவந்து என் முன்னால் நின்றார். என் கையைப் பிடிக்கவில்லை. குடையின் பிடியைப் பிடித்தார். 

"ஆத்தை வித்துத் தரேன். திரும்புங்கோ, மாப்பிள்ளே."

திரும்பி வரும்போது மாப்பிள்ளைக்குக் குடை பிடிப்பது பெண்ணின் சகோதரன். இங்கே அப்படி ஒருவன் இல்லை. அதனால் மாமாவே பிடித்தார். குடை முழுவதும் என் பக்கம் சாய்ந்திருந்தது. அவர் தலை வெயிலில் இருந்தது. ஏழு வயதுக்காரி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கைக்காகச் செய்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. பெரியவர் ஒருவர் நடுத்தெருவில் என் பின்னால் ஓடிவருவது அந்தச் சில நிமிஷங்கள் எனக்குப் பிடித்திருந்தது. மீதி அதுதான்.

அவர் சொன்ன சொல் மாறவில்லை; கிடைத்த விலைக்கு வீட்டை உடனே விற்றார். தங்கையின் கல்யாணம் சட்டத்துக்கு முன்பே நடந்தது. மாமா சிந்தாதிரிப்பேட்டையில் ஓர் ஒண்டுக் குடித்தனத்துக்குப் போனார். இளையவளுக்கு வயது வந்து வரன் பார்த்தபோது, வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது வீடு சொந்தமா என்பதைத்தான். இரண்டு இடம் அந்தக் கேள்வியோடு நின்றது. எனக்கு அப்போது சர்க்கார் உத்தியோகம் கிடைத்திருந்தது. மாமி என்னிடம் வந்து ஜாடையாகப் பண உதவி கேட்டாள். "பார்க்கலாம்" என்றேன். பார்க்கவில்லை. இளையவள் பள்ளிக்கூட உபாத்தியாயினி ஆனாள். கல்யாணம் ஆகவே இல்லை.

மாமா என்னிடம் ஒருநாளும் கடுமையாகப் பேசியதில்லை. நான் போனால் எழுந்து நிற்பார். "வாங்கோ, உக்காருங்கோ" என்பார். அம்பி என்று அவர் பிறகு ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. சில வருஷங்களில் அவர் படுத்த படுக்கையானார். கடைசி நாளில் பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா, நான் அம்பி வந்திருக்கேன்" என்றேன். கண்ணைத் திறந்து பார்த்தார். மாமியின் பக்கம் திரும்பி, "மாப்பிள்ளைக்குக் காபி குடுத்தியோ?" என்றார். 

போன ஐப்பசியில் இளையவள் என்னைப் பார்க்க வந்தாள். ஓய்வு பெற்றுக் கோட்டூர்புரத்தில் தனியாக இருக்கிறாள். கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. கைக்கு வந்தது அந்தக் குடைதான். பஸ் நிற்குமிடம்வரை கூடவே போனேன், குடையை முழுவதும் அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தபடி.

"அத்திம்பேர், நீங்க நனையறேளே."

"பரவாயில்லை."

அவள் பிடியையே பார்த்தாள். "அப்பா வாங்கினதுதானே இது?" என்றாள். ஆமாம் என்றேன். கொஞ்ச தூரம் நடந்தோம். பிறகு, "இந்த வயசுலே உங்களுக்குச் சளி பிடிச்சா யார் பார்த்துக்கறது? இப்படிக் குடுங்கோ" என்று குடையை என் கையிலிருந்து வாங்கி, என் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். பஸ் வரும்வரை அப்படியே நின்றோம். அவள் தோள் நனைந்துகொண்டிருந்தது.