இலை வண்டி திரும்பும் இடம்

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வேன் வரும் என்று சொல்லியிருந்தார்கள். மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நான் வந்து நின்றது 5.50. வேன் வந்தது 6.55. உள்ளே உட்கார்ந்திருந்த பதினான்கு பேரும் சப்ளை செயின் மேலாண்மை படிக்கிறவர்கள். சரக்கைக் குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்பதுதான் எங்களுக்கு மூன்று வருடப் பாடம். ஏறும்போதே எனக்குக் கடுப்பு.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வயது முப்பத்திரண்டு. மேட்டுப்பாளையத்தில் ஒரு பார்சல் ஆபீசில் பதினோரு வருடமாக புக்கிங் பார்க்கிறேன். டிகிரி இல்லை என்பதால் மேனேஜர் நாற்காலி மூன்று தடவை கைநழுவிப் போனது. அதனால் கோவையில் ஒரு கல்லூரியில் வார இறுதி வகுப்பில் சேர்ந்தேன். கடைசிப் பருவத்துக்கு ஒரு கள ஆய்வு. தேயிலை செடியிலிருந்து ஃபேக்டரி வரை போகும் வழியை நேரில் பார்த்து, எங்கே தாமதமாகிறது, எதனால் ஆகிறது என்று எழுத வேண்டும். நாற்பது மதிப்பெண். எங்கள் சார் அதற்கென்று ஒரு படிவம் அடித்து வைத்திருந்தார். அதில் பாதி விடைகளையும் அவரே நிரப்பி வைத்திருந்தார்.

"போட்டோ மட்டும் எடுத்தாப் போதும்மா. மீதியெல்லாம் நெட்டுலயே கெடைக்குது" என்றார். விடை நெட்டில் இருக்கிறதென்றால் ஆளுக்கு அறுநூறு ரூபாய் வசூலித்து மலையேறுவது எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

7.20. கல்லாறு சோதனைச் சாவடி. இ-பாஸ் பார்த்தார்கள், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களை இறக்கச் சொன்னார்கள். முன்னால் நாற்பது ஐம்பது கார்கள். நகர்ந்து நகர்ந்து பர்லியாறு தாண்டினால், ஒரு கொண்டை ஊசி வளைவின் நடுவிலேயே காரை நிறுத்திவிட்டு ஒரு குடும்பம் குரங்குக்கு பிஸ்கட் போட்டுக்கொண்டிருந்தது. மேலிருந்து இறங்கிய அரசுப் பஸ் திரும்ப முடியாமல் ஹாரன் அடித்தபடி நிற்கிறது. எனக்குப் பொறுக்கவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏனுங்க, ரோடு என்ன உங்க ஊட்டு வாசலுங்களா? கண்ட எடத்துல நிறுத்தறீங்க?" என்று கத்தினேன். வேனில் எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

முப்பத்து நான்கு கிலோமீட்டர் ஏறிக் குன்னூர் சேர 9.45 ஆகிவிட்டது. இரண்டு இட்லி, ஒரு வடை, டீ எழுபது ரூபாய். சாம்பாரில் சூட்டைத் தவிர வேறொன்றும் இல்லை. அங்கிருந்து கோத்தகிரி சாலையில் ஒன்பது கிலோமீட்டர் போய், வலப்பக்கம் ஒரு குறுகலான சிமெண்ட் பாதையில் ஒரு கிலோமீட்டர் ஏற வேண்டும். அந்த ஊரின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதாமல் விடுகிறேன். காரணம் படிக்கப் படிக்கத் தெரியும்.

பாதையின் முனையிலேயே வேன் டிரைவர் மணி அண்ணன் கேட்டார். "கீழயே ரோட்டோரமா போட்டரட்டுங்களா? மேல திருப்ப எடமிருக்குதோ என்னமோ."

நான் எட்டிப் பார்த்தேன். பாதை முடிகிற மேட்டில், புல்பூண்டு இல்லாமல், ஒரு வேன் தாராளமாக நிற்கும் சமதளம் தெரிந்தது. "அத்தனை எடம் சும்மாத்தானுங்ண்ணா கெடக்குது, மேலயே போடுங்க" என்றேன். பார்சல் ஆபீஸ்காரி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் ஆமோதித்தார்கள்.

10.50. வேனை நிறுத்திவிட்டு மணி அண்ணன் சாவியோடு கீழ் ரோட்டில் தூரத்திலிருந்த கடைப்பக்கம் நடந்து இறங்கிவிட்டார். அவருடைய போன் வேனுக்குள்ளேயே சார்ஜில் கிடந்தது. நாங்கள் போய்ப் பார்த்தது தங்கம்மா அக்காவை. ஐம்பதைத் தாண்டியவர். பெற்றோர் இலங்கைத் தோட்டத்திலிருந்து தாயகம் திரும்பியவர்கள். முக்கால் ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறார். கூலிக்கு இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு, காலை ஏழு மணியிலிருந்து தானும் சேர்ந்து பறித்துக்கொண்டிருந்தார்.

"பன்னெண்டு மணிக்கு ஃபேக்டரி இலை வண்டி வந்துரும். அதுக்குள்ள பேசிருங்க" என்றார், கை நிற்காமல். சாக்கில் இறுக்கிக் கட்டிய கொழுந்து நேரம் ஆக ஆகத் தானாகவே சூடேறிச் சிவந்துவிடும் என்பதை அவர்தான் எங்களுக்குச் சொன்னார். சிவந்ததை ஃபேக்டரி எடுக்காது. "போன மாசம் மழையில வண்டி நேரத்துக்கு வராம ஒருக்கா கொழுந்து செவந்து திரும்பிருச்சு. இன்னொருக்கா திரும்புச்சுன்னா வண்டி மேல ஏறாதுன்னு ஃபேக்டரியில சொல்லிப்புட்டாங்க. அப்புறம் நாந்தான் தலையில தூக்கிட்டு மெயின் ரோட்டுக்கு எறங்கணும். எனக்கு முழங்காலு வேற சரியில்ல."

இதை அப்படியே என் நோட்டில் எழுதிக்கொண்டேன். எங்கள் பாடப் புத்தகத்தில் நாற்பது பக்கம் அளந்திருப்பதை அந்த அம்மாள் நான்கு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். சார் அதைக் காதில் வாங்கவே இல்லை. வெளிச்சம் எந்தப் பக்கம் நன்றாக விழும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

11.45. ஐந்து சாக்கும் கட்டித் தயாராகிவிட்டன. சார் எங்களை எல்லாம் செடிகளுக்கு நடுவே வரிசையாக நிறுத்தினார். கல்லூரிப் பெயர் போட்ட இருபது அடி நீள ஃப்ளெக்ஸ் பேனரை நான்கு பேர் பிடித்தார்கள். கண்ணாடியைக் கழற்று, இந்தப் பக்கம் பார், இன்னொன்று என்று போட்டோ முடிகிற பாடில்லை. அப்போது கீழ் ரோட்டில் ஹாரன் சத்தம். நீளமாக, திரும்பத் திரும்ப.

"யாரோ டூரிஸ்ட். இவனுங்க தொல்லை தாங்கலை" என்றார் சார். நானும் தலையை ஆட்டினேன்.

சரிவின் மறுபுறமிருந்து தங்கம்மா அக்கா ஓடி வந்தார். அந்த முழங்காலோடு எப்படி ஓடினார் என்று தெரியவில்லை. மேட்டுக்கு வந்து வேனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். கீழே பாதை முனையில் இலை வண்டி நின்றிருந்தது. அங்கிருந்தே எங்கள் வேன் தெரியும். மேலே திரும்ப இடமில்லை என்றால் ஏறினவன் ஒரு கிலோமீட்டரும் லோடோடு பின்னாலேயே இறங்க வேண்டும். எந்த டிரைவரும் அதைச் செய்ய மாட்டான். பத்து நிமிடம் ஹாரன் அடித்துப் பார்த்திருக்கிறான். அடுத்தடுத்த ஊர்களில் அவனுக்காக இலை காத்திருக்கிறது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வண்டி கிளம்பிப் போனது.

"யாரு இங்கன நிப்பாட்டச் சொன்னது?"

சார் டிரைவரைத் தேடினார். "நான்தானுங்க்கா சொன்னேன். எடம் சும்மா கெடக்குதுன்னு நெனச்சுட்டேன்" என்றேன்.

"சும்மா கெடக்கா? வண்டி திரும்பணும்னு தெனமும் காலையில நாந்தாம்மா அதைக் கூட்டி வைக்கிறேன்."

அவர் கத்தியிருந்தால் தேவலை. சொல்லிவிட்டு நேராகச் சாக்குகளிடம் போய்க் கட்டுகளை அவிழ்க்க ஆரம்பித்தார். அடுத்த வண்டி நாலரைக்கு. அதுவரை இலையை நிழலில் பரப்பி ஆற வைக்க வேண்டும். அவருடைய தகரக் கொட்டகையில் இரண்டு சாக்குக்கு மேல் பரப்ப இடமில்லை. நான் போய் பேனரை இழுத்து வந்து சில்வர் ஓக் மர நிழலில் விரித்தேன்.

"மண்ணு படும்மா, அடுத்த பேட்சுக்கும் வேணும்" என்றார் சார்.

"படட்டுங்க சார்" என்றேன். அதற்கு மேல் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. பதினோரு வருடமாக லாரி டிரைவர்களோடு பேசிப் பழகிய வாய். கல்லூரிப் பெயரின் மீது மூன்று சாக்குக் கொழுந்தைக் கொட்டி, உதறி உதறிப் பரப்பினோம். என்னோடு வந்தவர்களில் எட்டுப் பேர் உட்கார்ந்து கை கொடுத்தார்கள். மற்றவர்கள் வேனில் ஏறிப் போனில் பாட்டுப் போட்டுக்கொண்டார்கள்.

1.30க்கு மணி அண்ணன் வந்தார். விஷயம் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். நான்கு தடவை முன்னும் பின்னுமாக ஒடித்து, வேனை ரோட்டுக்கு இறக்கினார். தங்கம்மா அக்கா எங்களுக்குத் தேத்தண்ணி வைத்துக் கொடுத்தார்.

4.40. இலையைத் திரும்பச் சாக்குகளில் அள்ளிக் கட்டி வைத்திருந்தோம். இலை வண்டி மேலே வந்து, அந்த இடத்தில் ஒரே மூச்சில் திரும்பி நின்றது. டிரைவர் ஒவ்வொரு சாக்கிலும் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்தார். மூன்றை ஏற்றினார். சிவந்திருந்த இரண்டை ஓரமாக வைத்தார்.

"அக்கா, இதோட ரெண்டு தடவை ஆச்சுங்க. நான் எழுதாம விட்டா ஃபேக்டரியில என்னையத்தான் கேப்பாங்க."

நான் குறுக்கே போனேன். "தப்பு எங்க மேலதானுங்க. நான் வேணா லெட்டர் எழுதித் தர்றேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாருக்குங்க குடுக்கறது? அவிங்களுக்கு இலைதானுங்க வேணும்."

வண்டி போனது. தங்கம்மா அக்கா இரண்டு சாக்கையும் இழுத்துப்போய்ச் செடிகளின் அடியில் கொட்டினார். காலையிலிருந்து மூன்று பேர் குனிந்து நிமிர்ந்து பறித்த இலை. அந்த நேரம் பார்த்து சார் படிவத்தோடு வந்து தங்கம்மா அக்காவிடம் கையெழுத்துக் கேட்டார். தாமதத்தின் காரணம் என்ற இடத்தில், சார் கோவையிலேயே நிரப்பிக்கொண்டு வந்த விடை இருந்தது: "விவசாயிகளிடம் விழிப்புணர்வு இல்லாமை."

படிவத்தை வாங்கி நான்காகக் கிழித்தேன். இன்றுவரை அதற்காக நான் வருத்தப்படவில்லை.

5.15க்குக் கிளம்பி, கோத்தகிரி வழியாக இறங்கினோம். எங்கள் ஆபீசில் லோடு இறக்கும் வாசலில் யாராவது பைக்கை நிறுத்தினால் சக்கரத்துக்குச் சங்கிலி போட்டுவிட்டுத்தான் மறுபேச்சு. அங்கே இரண்டடி உயரத்துக்குச் சிவப்பு எழுத்தில் போர்டும் இருக்கிறது. தங்கம்மா அக்காவின் இடத்தில் போர்டு இல்லை. மேலே இருக்கிற எல்லோருக்கும் அது எதற்கான இடம் என்று தெரியும். தெரியாத ஆட்கள் எங்களைப் போலக் கீழிருந்து ஏறி வருகிறவர்கள்தான். குரங்குக்கு பிஸ்கட் போட்ட குடும்பத்தை அன்று அத்தனை பேர் முன்னால் திட்டினேனே, அவர்கள் ஒரு பஸ்ஸைத்தான் ஐந்து நிமிடம் நிறுத்தினார்கள்.

அறிக்கையில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். தாமதமான இடம்: இலை வண்டி திரும்பும் இடம். காரணம்: எங்கள் கல்லூரி வேன். நிறுத்தச் சொன்னது: நான். "இந்தப் பக்கத்தை எடுத்துரும்மா, காலேஜ் பேருக்கு நல்லாருக்காது" என்றார் சார். எடுக்கவில்லை. நாற்பதுக்குப் பதினெட்டு போட்டார்.

மூன்று வாரம் கழித்துத் தங்கம்மா அக்காவுக்குப் போன் செய்தேன். வண்டி இப்போது மேலே வருவதில்லை. சாக்கைத் தலையில் வைத்துத்தான் இறக்குகிறாராம். "எடத்தை மட்டும் தெனமும் கூட்டித்தாம்மா வைக்கிறேன். மனசு மாறி என்னைக்காச்சும் ஏத்திவிட்டாங்கன்னா?" என்றார்.

போன வாரம் அடுத்த பேட்சுக்கான வழிகாட்டியைச் சார் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். தாமதத்துக்குக் காரணம் பழையபடி விழிப்புணர்வு இல்லாமைதான். என் அறிக்கையிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு விஷயம். பயணக் குறிப்புகளில், மூன்றாவது வரியில் இருந்தது: "மேலே சுத்தமான சமதளம் உண்டு. வேனை அங்கேயே நிறுத்தலாம்."