அரைமணி நேரம் முந்திய கெட்டிமேளம்

பழனிச்சாமியையும் அவர் மகள் கனகாவையும் கடைசிவரை பிரித்து வைத்தவன் நான்தான். நான் போட்ட ஒரு தப்புக்கணக்கும், அதை மறைக்க ஓடவிட்ட ஒரு கேசட்டும் அதைச் செய்தன. இத்தனை வருடமாக ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. உங்களிடம் சொல்கிறேன். மன்னிக்க வேண்டாம், கேட்டுக்கொண்டால் போதும்.

குன்னூருக்குக் கீழே, எஸ்டேட் பக்கங்களில் மைக் செட் கட்டுகிறவன் நான். கேசட் காலத்தில் எனக்கொரு பெயர் இருந்தது. "அவன் செட்டுல ஒருக்கா போட்ட பாட்டு மறுக்கா வராதுங்க" என்பார்கள். அந்தப் பெயரின் மேல் எனக்கு எவ்வளவு திமிர்!

கனகா எதிர்ச்சரிவு எஸ்டேட் பையனை விரும்பினாள். தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்த்த பழனிச்சாமி, கல்யாணத்துக்கு வரவே மாட்டேன் என்று சத்தியம் செய்தார். மாப்பிள்ளை வீட்டார் தங்கள் தொழிலாளர் லைன் வீட்டு வாசலிலேயே பந்தல் போட்டார்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் கனகா என்னிடம் சொல்லியனுப்பினாள்.

"முகூர்த்தம் ஒம்பதே முக்காலுக்குங்கண்ணா. தாலி ஏறுற வரைக்கும் வழியையே பாத்துட்டு இருப்பேன்னு அப்பாகிட்டச் சொல்லுங்க."

சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மேளக்காரர்களை வரவழைக்க வசதியில்லாத கல்யாணம் அது. கெட்டிமேளமும் கேசட்டில்தான். எங்கள் மலையில் அதுதான் வழக்கம். மூடுபனியில் எதிர்ச்சரிவு கண்ணுக்குத் தெரியாது. குழாய் ஸ்பீக்கர் மட்டும் கேட்கும். கெட்டிமேளம் கேட்டால் தாலி ஏறிவிட்டது என்று பொருள். கொழுந்து பறிக்கிற பெண்கள் நின்ற இடத்திலிருந்தே கும்பிடுவார்கள்.

காலை ஆறு மணியிலிருந்து ஒன்பதே முக்கால் வரை பாட்டு ஓட வேண்டும். அறுபது நிமிடக் கேசட் நான்கு, மொத்தம் நான்கு மணி நேரம், கால்மணி மிச்சம்... இப்படித்தான் கணக்குப் போட்டேன். அட்டையில் எழுதியிருந்ததை நம்பினேனே, மடையன்! அவை கடையில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்தவை. ஒரு பக்கத்துக்கு ஆறு பாட்டு, இருபத்து நான்கு நிமிடம். மீதி வெறும் நாடா. அதை எண்ணிப் பார்க்க எனக்கு ஏன் தோன்றவில்லை?

ஒன்பது பன்னிரண்டுக்குக் கடைசிப் பாட்டும் முடிந்தது. பந்தலில் திடீரென்று அமைதி. மாப்பிள்ளையின் பெரியப்பா சத்தம் போட்டார்.

"ஏனுங்க, கல்யாண ஊட்டுல பாட்டு நிக்கலாமுங்களா?"

முதல் கேசட்டைத் திரும்பப் போட்டிருந்தால் போதும். யார் என்ன சொல்லியிருப்பார்கள்? ஆனால் என் பெயர்... என் பாழாய்ப்போன பெயர்! பெட்டியில் இன்னும் ஓடாமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான். கெட்டிமேளக் கேசட். அதை எடுத்துப் போட்டேன்.

பந்தலில் சிரித்தார்கள். ஐயர் முறைத்தார். மணையில் இருந்த கனகா மட்டும் பதறிப்போய் வழியைப் பார்த்தாள். தாலி என்னவோ சரியாக ஒன்பதே முக்காலுக்குத்தான் ஏறியது. அதுவரை அவள் வழியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். யாரும் வரவில்லை.

மூன்றாம் நாள் பழனிச்சாமி என் கடைக்கு வந்தார். நின்றுகொண்டே பேசினார்.

"ஓடைப்பாலம் வரைக்கும் வந்தனுங்க தம்பி. மேளம் கேட்டுருச்சு, அப்படியே திரும்பிட்டனுங்க. ஒம்பதே முக்கால்னு சொல்லிட்டு முன்னாலயே கட்டிட்டாங்க பாத்தீங்களா? நான் வரக்கூடாதுன்னுதானுங்களே? கையில வாட்ச் இல்லீன்னா எனக்கு நேரம் தெரியாதுங்களா?"

பாலத்திலிருந்து பந்தலுக்குப் பத்து நிமிட ஏற்றம். பத்தே நிமிடம்!

அவர் எதிரிலேயே இருந்தார். "தப்பு என்னுதுங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான். பாட்டுக்கணக்கே தெரியாதவன் என்று எஸ்டேட் முழுக்கப் பேசுவார்களே என்று பயந்தேன். "ஏதாவது அவசரமா இருந்திருக்குமுங்க" என்றேன். கேட்டீர்களா? ஒரு பொய்யையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பினேன்.

நாளைக்குச் சொல்லலாம், அடுத்த பொங்கலுக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அவர் மகள் வீட்டுப் படி ஏறவே இல்லை. அவள் கைப்பிள்ளையோடு பார்க்க வந்தபோது கதவைத் திறக்கவில்லை. பிறகு ஒரு மழைக்காலத்தில் இறந்துபோனார். அன்றைக்கு அழுகைக்கு நடுவே செட்டைக் கட்டியவனும் நான்தான்.

இப்போது உடம்பு ஓய்ந்துவிட்டது. கேசட்டெல்லாம் போய், எத்தனை பாட்டு எத்தனை நிமிடம் என்று செல்போனே கூட்டிச் சொல்கிறது. ஆனாலும் தாளில் ஒருமுறை, விரலில் ஒருமுறை நானே கூட்டிப் பார்க்கிறேன். யாருக்கு என்ன பயன்?

போன மாதம் கனகா கடைக்கு வந்தாள். அவள் மகளுக்குக் கல்யாணமாம். காலை நிகழ்ச்சிக்கு எத்தனை பாட்டு தேவைப்படும் என்று கேட்டாள். எழுதிக்கொண்டிருந்தேன். சட்டென்று அவள் குரல் மாறியது.

"எங்கப்பன் வருவாருன்னு அன்னைக்கு எப்படிப் பாத்துட்டு இருந்தேன், உங்களுக்குத் தெரியுமுங்களே அண்ணா. ஒரு எட்டு வந்து பாக்கலியே! கல்லு மனசுதானுங்களே அவருக்கு?"

பேனாவைக் கீழே வைத்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வைத்தேன்... சத்தியமாக!

"ஆமாங்க" என்றேன்.