மேகலா மேடத்துக்குக் கொடுத்த மெமோ

கிரிக்கெட் பிட்சுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது என் பழைய மாணவன் ஏழுமலை போன் செய்தான். "சார், நம்ம மேகலா மேடம் போய்ட்டாங்க சார்" என்று அழுதான். ஆரணியில் எங்கள் கல்லூரியின் எலக்ட்ரானிக்ஸ் லேபில் இருபது வருடம் டெக்னீஷியனாக இருந்தவர் மேடம். நான் அதே கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர். இரங்கல் கூட்டத்தில் முதல்வர், "அடக்கமானவர், யாரையும் எதிர்த்துப் பேசாதவர்" என்று புகழ்ந்தார். அந்த அம்மாவுக்கு மெமோ கொடுத்தவரே அவர்தான். அதற்குப் புகார் எழுதிக் கொடுத்தவன் நான். மேடத்தை அறிந்தவர்களாவது நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆறு வருடத்துக்கு முன், கடைசி வருட மாணவர்கள் புராஜெக்டுக்காக எங்கள் கிரிக்கெட் ஹெல்மெட்டுகளில் அடியை அளக்கும் கருவி பொருத்தினார்கள். உள்ளே பஞ்சுக்கு அடியில் சென்சார், பின்பக்கம் ஒரு சின்னப் பெட்டி. பந்து பலமாகப் பட்டால் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். மாணவர்கள் மார்க் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பராமரிப்பு மேடத்தின் தலையில் விழுந்தது. ஆயுத பூஜைக்கு நாங்கள் மட்டை, ஸ்டம்பு, ரோலர், ஹெல்மெட் என்று ஒன்று விடாமல் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தோம். ஒயர் சொருகும் ஓட்டைக்குள் சந்தனம் இறங்கி, மறுநாள் யாரும் தொடாமலே ஆறு ஹெல்மெட்டிலும் விளக்கு எரிந்தது! "பொட்ட கொஞ்சம் தள்ளி வெச்சா சாமி வேணாம்னா சொல்லப் போவுது? ஒரே பேஜாரு சார்" என்று சிரித்துக்கொண்டே, மேடம் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் எல்லாவற்றையும் துடைத்துக் காயவைத்தார். ஹெல்மெட்டுக்குள் மணல்பையைக் கட்டி, மேஜை மேலிருந்து தரையில் போட்டுச் சோதித்தார். ஆறும் சரியாகிவிட்டன.

அடுத்த வாரம் அரையிறுதி. காலை வலைப் பயிற்சியில், எங்கள் தொடக்க ஆட்டக்காரன் ஏழுமலைக்குக் காதுக்கு மேலே பந்து பட்டது. சிவப்பு விளக்கு எரிந்தது. "ஒண்ணுமில்ல சார், ஆடுறேன்" என்றான். பெரணமல்லூரில் கூலி வேலை செய்யும் பெற்றோர். அன்று நன்றாக ஆடினால் பல்கலைக்கழக அணி, அதன் வழியாக ஒரு வேலை என்று நம்பியிருந்தான். "சந்தனம் இன்னும் போகல போல இருக்கு மேடம்" என்று, பெட்டிகளைப் பார்க்க மைதானத்துக்கு வந்திருந்த மேடத்தைக் கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்தப் பெட்டியைக் கழற்றி வேறு ஹெல்மெட்டில் மாட்டி மூன்று முறை தரையில் போட்டார். சரியாகவே காட்டியது. வேறு பெட்டியை அவன் ஹெல்மெட்டில் மாட்டிப் போட்டார். அதுவும் சரி.

"பெட்டியிலயும் கோளாறு இல்ல, ஹெல்மெட்டுலயும் இல்ல. அப்ப மிச்சம் தலைதான் சார்" என்றார்.

அதற்குள் ஏழுமலை, "மேட்ச் எத்தினி மணிக்கு மேடம்?" என்று கேட்டான். சொன்னார். கொஞ்ச நேரத்தில் மறுபடி அதையே கேட்டான். மூன்றாவது முறை கேட்டபோது மேடம் என்னைப் பார்த்தார். எனக்கும் காதில் விழுந்தது. விழாத மாதிரி நின்றேன். "ஜல்தியா பேடு கட்றா" என்றேன்.

"மெஷின் பொய் சொல்லுதுன்னு சொல்றீங்களே சார், அது உங்க சௌகரியத்துக்குத்தான?"

"உங்க வேலை லேப்ல. போங்க."

போனார். அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கேட்டில் நின்ற ஆட்டோவில் ஏற்றி வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய்விட்டார்.

தோற்றோம். அன்று மாலையே, மாணவனை அனுமதியின்றிக் கடத்திச் சென்றார் என்று புகார் எழுதினேன். கடத்திச் சென்றாராம்! மண்டைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, இன்னொரு அடி பட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்று டாக்டர் சொன்ன சேதி மறுநாள் வந்தது. அதற்குப் பிறகும் மெமோ போயிற்று. மேடத்தின் விளக்கம் ஒரே வரி: "பெட்டி சரியாக இருந்தது, பையன் சரியாக இல்லை." திமிர் என்றார் முதல்வர். பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன். அந்த மெமோவைக் காட்டியே பதவி உயர்வைக் கடைசி வரை நிறுத்தினார்கள்.

புகாரைத் திரும்பப் பெற எனக்கு ஆறு வருடம் இருந்தது. தினமும் லேப் வழியாகத்தான் போவேன். "சாப்டீங்களா சார்?" என்பார். "ஆச்சு மேடம்" என்பேன். அவ்வளவுதான் என் யோக்கியதை.

இரங்கல் கூட்டம் முடிந்ததும் ஏழுமலை என்னிடம் வந்தான். "எதிர்த்துப் பேசாதவங்களாமே சார். அவங்க பேசாம இருந்திருந்தா, நான் இங்க நின்னுகினு இருப்பனா?" என்றான். நேராக முதல்வர் அறைக்குப் போய், மெமோவை ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். "அவங்க ஃபைலை மூடியாச்சு, விடுங்க சார்" என்று கடிதத்தைத் திருப்பித் தந்தார். செத்தவருக்கு மாலை போடலாம், மரியாதை தர மட்டும் விதி இடம் கொடுக்காதாம்.

மேடத்திடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும், தலையில் அடிபட்டவன் அன்று என் மைதானத்தில் ஆட மாட்டான். போன வாரம் ஒரு தகப்பன், "எம் புள்ள வாழ்க்கையில மண்ண அள்ளிப் போட்டியேய்யா" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். முழுவதையும் நின்று கேட்டுக்கொண்டேன். பையனை ஆட விடவில்லை.